எம்.ஆர்.டி. பாசிட்டிவ் என்றால் மஜ்ஜை மாற்று செய்து பயன் உண்டா?

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு வயது 34. அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய், அதாவது ஏ.எம்.எல். மரபணுப் பரிசோதனையில் என்.பி.எம்.1, எஃப்.எல்.டி.3 ஐ.டி.டி. என்ற இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. இரண்டு சுற்று கீமோ முடிந்து, "ரெமிஷன் வந்துவிட்டது" என்று மருத்துவர் சொன்னபோது வீட்டில் எல்லோரும் அழுது சிரித்திருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தாள் வந்தது. "எம்.ஆர்.டி. பாசிட்டிவ், 0.2 சதவீதம்." அக்காவின் ஹெச்.எல்.ஏ., அதாவது கொடையாளர் பொருந்துவாரா என்று காட்டும் திசுக் குறிகள், முழுதாகப் பொருந்துகிறது, மஜ்ஜை மாற்று செய்துவிடலாம் என்கிறார் மருத்துவர். ஆனால் எம்.ஆர்.டி. பாசிட்டிவாக இருக்கும்போது மாற்று செய்துகொண்டவர்களில் மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 26 சதவீதம்தான் என்று உறவினர் ஒருவர் எங்கோ படித்துச் சொல்லியிருக்கிறார். நான்கில் மூன்று பேர் பிழைக்கப் போவதில்லை என்றால் வீட்டை விற்று எதற்காகச் செய்ய வேண்டும், இன்னொரு சுற்று கீமோ கொடுத்து நெகட்டிவ் ஆக்கிவிட்டுப் பிறகு செய்யக்கூடாதா என்பது கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நோய் போய்விட்டது என்றவர்கள் ஏன் இருக்கிறது என்கிறார்கள்? அந்த 26 சதவீதம் உங்கள் தம்பிக்கு என்ன சொல்கிறது? காத்திருப்பதா, இறங்குவதா? முதல் இரண்டுக்கும் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். மூன்றாவதில் மருத்துவ உலகமே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நான் நோயாளிக்கு மருந்து எழுதும் மருத்துவர் அல்ல. மஜ்ஜை மாதிரிகளை ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற கருவியில் ஓட்டி எம்.ஆர்.டி. அறிக்கை எழுதுவதுதான் பத்தொன்பது ஆண்டுகளாக என் வேலை. மாற்று சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் கூடிப் பேசும் கூட்டங்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் தம்பியின் தாள்களை நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே எழுதுவதை அவருடைய மருத்துவரிடம் கேள்வியாகக் கொண்டுபோங்கள், தீர்ப்பாகக் கொண்டுபோக வேண்டாம்.

ரெமிஷன் என்ற சொல்லில்தான் முதல் குழப்பம். நோய் கண்டுபிடிக்கும் அன்று உடலில் சுமார் ஒரு லட்சம் கோடி லுகேமியா செல்கள் இருக்கும். எடை போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ. கீமோ முடிந்து மஜ்ஜையை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் ஐந்நூறு செல்களை எண்ணி, அவற்றில் பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்து, ரத்த அணுக்களும் மீண்டிருந்தால் அதற்குப் பெயர் ரெமிஷன். ஆனால் நோயே இல்லாத மனிதரின் மஜ்ஜையிலும் கொஞ்சம் பிளாஸ்ட் செல்கள் உண்டு. ரத்தம் ஊறுவதே அவற்றிலிருந்துதான். நல்ல பிளாஸ்ட் எது, நோய் பிளாஸ்ட் எது என்று மைக்ராஸ்கோப்பால் பெரும்பாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் ரெமிஷன் என்று எழுதப்பட்ட அன்றும் ஆயிரம் கோடி லுகேமியா செல்கள் வரை உள்ளே இருக்க இடமுண்டு. மருத்துவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த அளவுகோலின் கோடுகள் அவ்வளவு அகலம். எம்.ஆர்.டி. என்பது அதைவிட நுணுக்கமான கோடுகள் போட்ட அளவுகோல். எஞ்சியிருந்து அளக்கக்கூடியதாக இருக்கும் நோய் என்று பொருள். முதலில் இருக்கும் 'எம்' ஒரு காலத்தில் 'மிகக் குறைந்த' என்ற பொருளில் வழங்கியது. அது குறைவானதும் அல்ல, அலட்சியம் செய்யத் தக்கதும் அல்ல என்று புரிந்த பிறகு 'அளக்கத்தக்க' என்று மாற்றிக்கொண்டார்கள்.

அந்த 0.2 எப்படி வருகிறது என்று சொல்கிறேன். மஜ்ஜையில் ஒளிரும் சாயம் ஒட்டிய பல ஆன்டிபாடிகளைக் கலந்து, செல்களை ஒற்றை வரிசையில் லேசர் முன்னால் ஓடவிடுவோம். ஒரு மாதிரியில் ஐந்து லட்சம், பத்து லட்சம் செல்கள். ஒவ்வொரு செல்லும் திரையில் ஒரு புள்ளி. இயல்பான செல்கள் பிறந்து வளர்ந்து முதிரும்போது அந்தப் புள்ளிகள் ஒரு குறிப்பிட்ட தடத்தில் போகும். ஆயிரம் மாதிரி பார்த்தவருக்கு அந்தத் தடம் கண்ணை மூடினாலும் தெரியும். லுகேமியா செல் தடத்தை விட்டு ஒதுங்கி நிற்கும். இருக்கக்கூடாத சிடி7, சிடி56 போன்ற குறிகளைச் சுமந்துகொண்டிருக்கும், அல்லது இருக்க வேண்டியது இருக்காது. ஐந்து லட்சம் புள்ளிகளில் ஆயிரம் புள்ளிகள் ஓரமாய்க் கூடி நின்றால் அதுதான் உங்கள் தாளில் இருக்கும் 0.2 சதவீதம். ஏ.எம்.எல். நோயில் 0.1 சதவீதத்தை எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஐரோப்பிய லுகேமியா நெட் என்ற நிபுணர் குழுவின் பரிந்துரை. 2018-இல் வகுத்து 2021-இல் புதுப்பித்தார்கள். அந்த எல்லைக்கு மேல் போனவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம். கீழே இருப்பவர்களுக்கும் திரும்பாது என்று அதற்குப் பொருள் இல்லை.

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதில் என் தொழிலின் அசிங்கமான பக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இடுப்பெலும்பில் ஊசி போட்டு முதலில் இழுக்கும் ஓரிரு மில்லி மட்டுமே கெட்டியான மஜ்ஜை. அடுத்தடுத்து இழுக்க இழுக்க ரத்தம் கலந்துவிடும். பாலில் தண்ணீர் கலந்த கதைதான். முதல் இழுப்பு எம்.ஆர்.டி. குழாய்க்குப் போக வேண்டும் என்பது விதி. நடைமுறையில் முதல் இழுப்பை ஸ்லைடு தேய்க்க எடுத்துக்கொண்டு, பிறகு குரோமோசோம் பரிசோதனைக்குக் கொடுத்து, கடைசியாக மிஞ்சியதை எங்களுக்கு அனுப்புவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு குழாயை ஓட்டி, நெகட்டிவ் என்று எழுதி, அறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் "மாதிரியில் ரத்தம் கலந்துள்ளது" என்று சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தச் சிறிய எழுத்தை யாரும் படிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்த அடுத்த மஜ்ஜையில் 0.4 சதவீதம் இருந்தது. நோய் அந்த மூன்று வாரத்தில் வந்ததா, முதலிலேயே இருந்து நான் காணாமல் விட்டேனா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அன்று முதல் மாதிரியின் தரத்தை அறிக்கையின் முதல் வரியில் எழுதுகிறேன். உங்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ரத்தம் கலந்த மாதிரி எண்ணைக் குறைத்துத்தான் காட்டும். ஆகவே தம்பியின் 0.2 என்பது உண்மையில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாமே தவிர, மாதிரி நீர்த்ததால் பொய்யாகப் பாசிட்டிவ் ஆகியிருக்க வாய்ப்பில்லை. பொய்ப் பாசிட்டிவ் வருவது வேறு வழியில். கீமோவுக்குப் பிறகு மஜ்ஜை வேகமாக மீளும்போது பிறக்கும் நல்ல செல்களையே அனுபவம் குறைந்த கண் சந்தேகப்பட்டுவிடும்.

தம்பிக்கு நல்வாய்ப்பாக இன்னொரு வழி இருக்கிறது. என்.பி.எம்.1 மாற்றம் உள்ள நோயில் செல்கள் பெரும்பாலும் சிடி34 என்ற குறியைக் காட்டாது. ஃப்ளோவில் நாங்கள் முதலில் தேடுவதே அந்தக் குறியைத்தான். அதனால் இந்த வகையில் என் கருவியைவிட, மரபணு மாற்றத்தையே நேராகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை மேல் என்று கூச்சமில்லாமல் சொல்வேன். அந்த மாற்றம் லுகேமியா செல்லில் மட்டும் இருப்பது. லட்சத்தில் ஒரு செல் இருந்தாலும் பி.சி.ஆர். பிடித்துவிடும். வயது வந்தவர்களின் ஏ.எம்.எல்.-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வகை என்பதால் ஆய்வுகளும் நிறைய. 2016-இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு இதில் ஒரு மைல்கல். இரண்டாம் சுற்று கீமோ முடிந்த பிறகு ரத்தத்தில் என்.பி.எம்.1 தடயம் இன்னும் இருந்தவர்கள் 15 சதவீதம். அவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் 82 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தடயம் மறைந்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு. மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முறையே 24, 75 சதவீதம். கவனியுங்கள், இரு தரப்பும் ரெமிஷனில் இருந்தவர்கள்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரு தரப்பும் ஒன்றுதான். உங்கள் தாளில் ஃப்ளோ மட்டும் இருக்கிறதா, என்.பி.எம்.1 பி.சி.ஆரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஏன் செய்யவில்லை என்று கோபப்பட வேண்டாம். இந்தப் பரிசோதனை எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மரபணு அறிக்கையில் டி.என்.எம்.டி.3ஏ, டெட்2, ஏ.எஸ்.எக்ஸ்.எல்.1 என்ற பெயர்கள் ரெமிஷனிலும் தொடர்ந்து இருந்தால் உடனே பதற வேண்டாம். வயதாக ஆக, நோயில்லாதவர்களின் ரத்தத்திலேயே இவை தலைகாட்டும். நெதர்லாந்தில் 482 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், இந்த மூன்று மட்டும் எஞ்சியிருந்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை. மற்ற மாற்றங்கள் எஞ்சியிருந்தவர்களுக்குக் கூடியது. அதேபோல ரன்எக்ஸ்1 இணைப்பு உள்ள வகையில், குணமாகிப் பல ஆண்டு ஆனவர்களிடமும் பி.சி.ஆரில் மெல்லிய தடயம் தெரிவதுண்டு. எல்லாப் பாசிட்டிவும் ஒன்றல்ல. எந்தக் குறி, எவ்வளவு, எந்தக் கட்டத்தில், ஏறுகிறதா இறங்குகிறதா என்று நான்கையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். என்.பி.எம்.1 விஷயத்திலும் சிகிச்சை முடிவில் மிகக் குறைந்த அளவில் ஏறாமல் நிற்கும் தடயத்தைத் தனியாகவே வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு சுற்று முடிந்து ரத்தத்திலேயே தடயம் நிற்பது அந்தச் சலுகைக்குள் வராது.

இனி உறவினர் சொன்ன 26 சதவீதம். எண் சரியானதுதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் மையத்தில், தீவிர தயாரிப்போடு, அதாவது பழைய மஜ்ஜையைத் துடைக்க முன்கூட்டிக் கொடுக்கும் கடும் மருந்தோடு, மஜ்ஜை மாற்று செய்துகொண்ட 359 பேரைப் பற்றி 2016-இல் வெளியானது. மாற்றுக்கு முன் எம்.ஆர்.டி. நெகட்டிவாக இருந்தவர்களில் 73 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தார்கள். ரெமிஷன், ஆனால் எம்.ஆர்.டி. பாசிட்டிவ் என்றவர்களில் 26. ரெமிஷனே வராமல் வெளிப்படையாக நோய் இருந்தவர்களில் 23. கடைசி இரண்டும் அநேகமாக ஒன்று என்பதுதான் அன்று எங்களை உலுக்கியது. மைக்ராஸ்கோப் தந்த ரெமிஷன் என்ற பட்டத்துக்கு, எம்.ஆர்.டி. பாசிட்டிவ் என்றால் மதிப்பே இல்லையோ என்று தோன்றியது.

ஆனால் அந்த ஆய்வு எதை எதோடு ஒப்பிட்டது என்று பாருங்கள். 359 பேரும் மாற்று செய்துகொண்டவர்கள். செய்துகொள்ளாத ஒருவர்கூட அதில் இல்லை. அடைமழையில் குடையோடு போனவன், தூறலில் குடையோடு போனவனைவிட அதிகம் நனைவான். அதைப் பார்த்துவிட்டு அடைமழைக்குக் குடை வீண் என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் கேட்க வேண்டியது அடைமழையில் குடையோடு போனவன் எப்படி, குடை இல்லாமல் போனவன் எப்படி என்பது. நோய் எவ்வளவு கடுமை என்று சொல்லும் எண் ஒன்று, சிகிச்சை எவ்வளவு உதவும் என்று சொல்லும் எண் வேறொன்று. நன்கு படித்தவர்களும் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்வதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இரண்டாவது வகை எண்ணும் இருக்கிறது, அதுவும் உங்கள் தம்பியின் வகை நோயிலேயே. பிரிட்டனின் ஏ.எம்.எல்.17, ஏ.எம்.எல்.19 என்ற இரு பெரும் ஆய்வுகளில் என்.பி.எம்.1 மாற்றம் இருந்து ரெமிஷனுக்கு வந்தவர்களை மட்டும் எடுத்து, இரண்டு சுற்றுக்குப் பின் ரத்தத்தில் தடயம் இருந்ததா என்று பிரித்து, மாற்று செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டு 2024-இல் வெளியிட்டார்கள். தடயம் இருந்தவர்களில் முதல் ரெமிஷனிலேயே மாற்று செய்துகொண்டவர்கள் மூன்று ஆண்டுகள் கழித்து 61 சதவீதம் உயிரோடு இருந்தார்கள். செய்துகொள்ளாதவர்கள் 24 சதவீதம். தடயம் மறைந்தவர்களில் செய்துகொண்டவர்கள் 79, செய்துகொள்ளாதவர்கள் 82. அதாவது நெகட்டிவ் ஆனவர்களுக்கு மாற்று சிகிச்சையால் கூடுதல் ஆயுள் இல்லை, பாசிட்டிவாக இருந்தவர்களுக்குத்தான் பயன். எஃப்.எல்.டி.3 ஐ.டி.டி.யும் சேர்ந்து இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது எண்கள் இறங்கின. பாசிட்டிவ் தரப்பில் 45-க்கு எதிராக 18. இறங்கினாலும் திசை மாறவில்லை. ஆக, வீட்டில் எல்லோரும் பயந்த அந்தப் பாசிட்டிவ் என்ற சொல்தான் மருத்துவர் மாற்று என்று சொல்வதற்கே காரணம்.

இந்த ஒப்பீட்டில் ஓட்டை இல்லாமல் இல்லை. யாருக்கு மாற்று என்பதைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கவில்லை. உடல் தாங்குபவர்கள், கொடையாளர் கிடைத்தவர்கள், அதற்குள் நோய் திரும்பாதவர்கள் ஆகியோர்தான் மாற்று வரை போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதனால் 61-க்கும் 24-க்கும் உள்ள இடைவெளி முழுவதும் சிகிச்சையின் பெருமை என்று எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. ஆனால் அதே தேர்வு முறை நெகட்டிவ் தரப்பிலும் இருந்ததுதானே? அங்கே இடைவெளி வரவில்லை. அதனால் பாசிட்டிவ் தரப்பில் தெரிவது வெறும் கண்துடைப்பு அல்ல என்றே படுகிறது.

கீமோவுக்கு அசையாத செல் மாற்று சிகிச்சைக்கு மட்டும் ஏன் அசைய வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், முடிவெடுக்க உதவும். ஆரம்பத்தில் மஜ்ஜை மாற்று என்பதை, அதிக அளவு மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து மஜ்ஜையைத் துடைத்துவிட்டுப் புதிதாக நடுவது என்றுதான் நினைத்தார்கள். 1957-இல் டோனல் தாமஸ் முதல் முயற்சிகளை வெளியிட்டபோது அப்படித்தான். 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைப்பதற்குள் கதை மாறிவிட்டது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம், சாதாரண உடன்பிறப்பிடமிருந்து பெற்றவர்களுக்குக் குறைவு என்று தெரிந்தது. மஜ்ஜையோடு வரும் கொடையாளரின் நோய் எதிர்ப்பு அணுக்கள், எஞ்சிய லுகேமியா செல்களை அந்நியமாகக் கண்டு அழிக்கின்றன. அக்காவின் அணுக்கள் தம்பிக்குள் செய்யப்போவது அந்த வேலைதான். அதே அணுக்கள் தம்பியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கினால் அதற்கு ஜி.வி.ஹெச்.டி. என்று பெயர். சிலருக்கு அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் துன்பம் தரும், சிலரைக் கொன்றும் விடும். நன்மையும் தீமையும் ஒரே கையிலிருந்து வருகின்றன.

இதோடு சேர்ந்தது, தயாரிப்பு மருந்தின் தீவிரம். அமெரிக்காவில் ரெமிஷனில் இருந்த நோயாளிகளைத் தீவிரத் தயாரிப்பு, மிதமான தயாரிப்பு என்று குலுக்கல் முறையில் பிரித்து ஒரு ஆய்வு நடந்தது. மிதமான தரப்பில் நோய் திரும்புவது அதிகமாக இருந்ததால் இடையிலேயே ஆள் சேர்ப்பை நிறுத்திவிட்டார்கள். பிறகு அந்த ரத்த மாதிரிகளில் மரபணு எம்.ஆர்.டி. பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். பாசிட்டிவாக இருந்தவர்களில் தீவிரத் தயாரிப்பு பெற்றவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியது 19 சதவீதம், மிதமான தயாரிப்பு பெற்றவர்களுக்கு 67 சதவீதம். உயிரோடு இருந்தவர்கள் 61-ம் 43-ம். குலுக்கல் முறையில் வந்த எண் என்பதால் இதற்கு என்னிடம் மதிப்பு அதிகம். 34 வயதில், இதயமும் நுரையீரலும் கல்லீரலும் நன்றாக இருந்தால், தீவிரத் தயாரிப்பு தாங்குவாரா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் அவரே அதைத்தான் திட்டமிட்டிருப்பார். 60 வயதைத் தாண்டியவருக்கு இதே அறிவுரை பொருந்தாது.

இப்போது மூன்றாவது கேள்வி. இன்னொரு சுற்று கொடுத்து நெகட்டிவ் ஆக்கலாமா? நெகட்டிவாகப் போகிறவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பது உறுதி. கூடுதல் கீமோ கொடுத்து வலிந்து நெகட்டிவ் ஆக்கியவர்களும் அவர்களைப் போலவே நன்றாக இருப்பார்களா என்பது உறுதி இல்லை. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல. மருந்துக்கு எளிதில் பணியும் நோய் தானாகவே நெகட்டிவ் ஆகிறது, மாற்றுக்குப் பிறகும் நன்றாக இருக்கிறது. பணியாத நோயை இன்னும் அடித்தால் அதன் சுபாவம் மாறிவிடுமா? ஜெர்மனியில் ஒரு குலுக்கல் ஆய்வு நடந்து 2024-இல் வெளியானது. அது எம்.ஆர்.டி. நிலையைப் பற்றியதல்ல, வெளிப்படையாக நோய் இருந்தவர்களைப் பற்றியது. தீவிர கீமோ கொடுத்து ரெமிஷனுக்குக் கொண்டுவந்து மாற்று செய்ததிலும், அந்தக் கீமோ இல்லாமல் கூடிய விரைவில் மாற்றுக்குப் போனதிலும் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதை அப்படியே உங்கள் தம்பிக்குப் பொருத்தக்கூடாது. ஆனால் "முதலில் சுத்தம் செய், பிறகு நடு" என்ற பழைய பழக்கத்தை அது ஆட்டிவிட்டது.

இன்னொரு பக்கம், கூடுதல் சுற்றின் விலை மிகவும் உறுதியானது. மூன்று வாரம் வெள்ளை அணுக்கள் இல்லாமல் கிடக்க வேண்டும். அப்போது நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வந்தால் மாற்று சிகிச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போகும், சில நேரம் கைநழுவியே போகும். நெகட்டிவ் ஆகட்டும் என்று காத்திருந்து, அதற்குள் நோயே திரும்பிவிட்டவர்களின் மாதிரிகளை நான் ஓட்டியிருக்கிறேன். ஆனால் கொடையாளர் பரிசோதனை, படுக்கை, பணம் என்று எப்படியும் ஆறு வாரம் ஆகும் என்றால், அந்த இடைவெளியில் நோயை அடக்கி வைக்க ஒரு சுற்று கொடுப்பது நியாயம். அது பாலம். நெகட்டிவ் வரும்வரை மாற்று இல்லை என்று நிபந்தனை போடுவது வேறு. எஃப்.எல்.டி.3 மாற்றம் இருப்பதால் மிடோஸ்டாரின், கில்டரிடினிப் போன்ற குறிவைத்த மாத்திரைகளை அந்தப் பாலத்தில் சேர்க்கும் மருத்துவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், பொருத்தமான அக்கா தயாராக இருக்கும்போது நெகட்டிவுக்காக மட்டும் நாளைக் கடத்தமாட்டேன். இது என் சாய்வு. இதற்கு மாறாக நினைக்கும் நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் வேறு யாராவது ஏ.எல்.எல். எனப்படும் லிம்ஃபாய்டு வகை நோயாளியின் வீட்டிலிருந்து வந்திருந்தால், மேலே சொன்ன பத்தியை உங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். பி செல் ஏ.எல்.எல்.-இல் பிளினாடுமோமாப் என்ற ஆன்டிபாடி மருந்து இருக்கிறது. எம்.ஆர்.டி. பாசிட்டிவாக இருந்த 116 பேரிடம் செய்த ஆய்வில் ஒரே சுற்றில் 78 சதவீதம் பேர் நெகட்டிவ் ஆனார்கள். கீமோவைப் போல மஜ்ஜையை அடித்துப் போடாமல் நெகட்டிவ் ஆக்கும் வழி இருப்பதால், அங்கே முதலில் நெகட்டிவ் ஆக்கிவிட்டு மாற்றுக்குப் போவது பலரும் ஒப்புக்கொள்ளும் பாதை. ஏ.எம்.எல்.-இல் அப்படி ஒரு மருந்து இன்னும் கையில் இல்லை.

மாற்று முடிந்த பிறகும் எம்.ஆர்.டி. வேலை முடிவதில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் என்.பி.எம்.1 பி.சி.ஆரைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்ப்பார்கள். கூடவே ரத்தத்தில் எத்தனை சதவீதம் அக்காவின் செல்கள், எத்தனை தம்பியுடையவை என்ற கணக்கும் எடுப்பார்கள். மாற்றுக்கு முன் பாசிட்டிவாக இருந்தவர் பின் நெகட்டிவ் ஆகி அப்படியே நின்றால் அது நல்ல அறிகுறி. மீண்டும் தலைகாட்டினால், நோய் வெளிப்படையாகத் திரும்பும் முன் சில வாரமோ மாதமோ அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைத்து அக்காவின் அணுக்களுக்குக் கை கொடுப்பார்கள், தேவைப்பட்டால் அக்காவிடமிருந்து அந்த அணுக்களை மட்டும் மறுபடி எடுத்துச் செலுத்துவார்கள், அல்லது அசாசிடிடின் ஊசி போடுவார்கள். ஜெர்மனியில் ரெலாசா2 என்ற ஆய்வில், மாற்றுக்கோ கீமோவுக்கோ பிறகு எம்.ஆர்.டி. தலைகாட்டிய 53 பேருக்கு இந்த ஊசி போட்டதில் 31 பேருக்கு ஆறு மாதம் வரை நோய் திரும்பவில்லை. தள்ளிப்போட்டது நிச்சயம்; எத்தனை பேருக்கு நிரந்தரம் என்பது வேறு கணக்கு. எஃப்.எல்.டி.3 உள்ளவர்களுக்கு மாற்றுக்குப் பின் இரண்டு ஆண்டு கில்டரிடினிப் கொடுத்துப் பார்த்த மார்ஃபோ என்ற குலுக்கல் ஆய்வில், 356 பேரையும் சேர்த்துப் பார்த்தபோது பயன் நிரூபணமாகவில்லை. மாற்றுக்கு முன்போ பின்போ எம்.ஆர்.டி. இருந்தவர்களை மட்டும் பார்த்தபோது பயன் தெளிவாகத் தெரிந்தது. உங்கள் தம்பி அந்தத் தரப்பில் இருக்கக்கூடியவர் என்பதால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் விலை கேட்டால் தலை சுற்றும், அதையும் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

வீடு விற்பதைப் பற்றி. அதில் எனக்குக் கருத்துச் சொல்லும் உரிமை இல்லை. மாற்று செய்தாலும் நோய் திரும்பலாம், மாற்று சிகிச்சையின் சிக்கலாலேயே உயிர் போகலாம் என்ற இரண்டையும் தம்பிக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். 34 வயது மனிதருக்குத் தன் உடம்பைப் பற்றிக் கேட்கும் உரிமை உண்டு. விலை பேசும் முன், மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருப்பார், அவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அரசுக் காப்பீடு, பிரதமர் நிவாரண நிதி, அறக்கட்டளைகள் என்று எதெது எந்த மருத்துவமனையில் செல்லும் என்பது அவருக்குத்தான் விரல் நுனியில் இருக்கும். நம் ஊரில் இது புதிய சிகிச்சையும் அல்ல. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் செய்து வருகிறார்கள்.

மாற்றுக்குச் சேர்வதற்கு முன் மஜ்ஜையை இன்னொரு முறை எடுப்பார்கள். அந்த எண்தான் பிற்பாடு எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நிற்கும். அன்று ஊசி போடும் இளம் மருத்துவரிடம், முதல் இழுப்பை எம்.ஆர்.டி. குழாயில் போடுவீர்களா என்று கேட்டுவிடுங்கள். சிலர் முறைப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.